நூற்று நாற்பத்தேழு சென்டிமீட்டர்

2005 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கரமனையில் அழகியநம்பியின் முன்னறையில் இருந்தவர்கள் நால்வர். போலீஸ் இலாகாவில் ஆவணப் பரிசோதகராக இருந்து ஓய்வுபெற்ற அழகியநம்பி. அவருடைய நண்பரும் வஞ்சியூர் கோர்ட்டு வக்கீலுமான பத்மகுமார். ஆரியசாலையில் மூன்று தலைமுறையாக மொத்த வியாபாரம் செய்யும் குடும்பத்தின் மூத்தவர் நெல்லையப்ப பிள்ளை. அவருடைய தங்கை உலகம்மை. வேறு யாரும் இல்லை.

உலகம்மை கடைசியாக வந்தாள். நிலையில் தலை இடிக்காமலிருக்கக் குனிந்து நுழைந்து, அண்ணனைவிட்டுச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள். கல்யாணம் ஆகாதவள், தனியாக இருந்து பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுப்பவள்.

நெல்லையப்பன் ஒரு தாளை மேசைமேல் வைத்தார். "இது தங்கச்சி வீட்டுக் கதவுக்கு அடியில கிடந்தது."

இரு ஓரமும் துளையிட்ட கம்ப்யூட்டர் காகிதம். நெஞ்சுநோய் ஆஸ்பத்திரி ஒன்றின் பழைய நோயாளிப் பட்டியல். நடுவில் ஒரு வரி: உலகம்மை, வயது 36, காசநோய், வருடம் 1996, உயரம் 147 செ.மீ., எடை 38 கிலோ, அழைத்து வந்தவர் அண்ணன்.

"பக்கத்து வீட்டுப் பகவதியம்மாள்தான் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுகா. அவ மேல மானநஷ்டக் கேஸ் போடணும். எங்க குடும்பத்தில ஒருத்தரும் கோர்ட்டுப் படி ஏறினதில்ல. இதுக்கு நான் ஏறுவேன்."

அழகியநம்பி உலகம்மையின் பக்கம் திரும்பினார். "எத்தனை பிள்ளைகள் வந்துட்டிருந்தாங்க?"

"பதினொண்ணு. இப்போ ஒண்ணும் வரல்ல. நாலரைக்குப் பாயை விரிப்பேன். ஆறு மணிக்குச் சுருட்டிருவேன்."

"யாரும் வரலேன்னா பின்னே எதுக்கு அக்கா விரிக்கணும்?" என்றார் பத்மகுமார்.

"விரிக்காட்டா அந்த நேரம் போகாது."

பத்மகுமார் பேச்சை மாற்ற விரும்பியவர் போலத் தாளைத் தொட்டார். "சார், இது கம்ப்யூட்டர் திருட்டாக்கும். யாரோ ஆஸ்பத்திரி கம்ப்யூட்டருக்குள்ள நுழைஞ்சிருக்கான், கேட்டோ."

அழகியநம்பி தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "நுழைஞ்சவன் கையில வத்தல்பொடி இருந்ததா வக்கீலே? மடிப்புக்குள்ள பாரும், சிவப்பா இருக்கு. கடிதத்தை யாரும் இப்படி மூலைக்கு மூலை மடிக்க மாட்டாங்க. இது பலசரக்குக் கடைப் பொட்டலம்."

பத்மகுமார் உடனே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சாலைக் கடைத்தெருவுக்குப் போனார். ஒரு மணி நேரத்தில் அதே பட்டியலின் இன்னும் இரண்டு தாள்களோடு திரும்பினார்.

"மைதீன் கடையில கிடைச்சுது. ஆஸ்பத்திரிக்காரங்க பழைய காகிதத்தைக் கட்டுக்கட்டா எடைக்குப் போட்டிருக்காங்க. பகவதியம்மா வத்தல்பொடி வாங்குறதும் அந்தக் கடையிலதான்."

"அப்போ கதவுக்கடியில தள்ளினதும் அந்த அம்மாவாத்தான் இருக்கும்," என்றார் அழகியநம்பி. "ஆனா வாசிக்கக் கொடுத்தது ஆஸ்பத்திரி."

பத்மகுமார் உற்சாகமானார். "வழி இருக்கு அண்ணாச்சி. நோயாளி ரகசியத்தைக் காக்கலைன்னு டாக்டர் மேல மெடிக்கல் கவுன்சிலுக்குப் புகார் குடுக்கலாம். சேவையில குறைன்னு ரெண்டு வருஷத்துக்குள்ள நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம். சிவில் கோர்ட்டுல நஷ்டஈடு கேக்கலாம். நோயாளி நான்தான்னு அக்கா சத்தியவாக்குமூலம் குடுத்தாப் போதும்."

"குடுப்பா," என்றார் நெல்லையப்பன்.

"கொடுக்க முடியாது," என்றார் அழகியநம்பி. "பேரும் வயசும் நாம சொல்லி அவங்க எழுதுறது. உயரம் அவங்களே அளந்து எழுதுறது. மூச்சுப் பரிசோதனைக்கு அது வேணும். நூத்திநாப்பத்தேழுன்னா அஞ்சடிகூட இல்ல. முப்பத்தாறு வயசுக்குப் பிறகு யாரும் வளரமாட்டாங்க. உங்க தங்கச்சி என் வீட்டு நிலையில குனிஞ்சு வந்தாங்க."

"எழுதினதில பிழை இருக்கலாமே சார்?" என்றார் பத்மகுமார்.

"அப்படின்னா எடையும் பிழையா இருக்கணும். ரெண்டும் ஒரு சின்ன உருவத்துக்குப் பொருந்துது. கூட்டிட்டுப் போனவர் அண்ணன். பிள்ளைவாள், தொண்ணூத்தாறில உங்க வீட்டில ஒரு பொண்ணு நோயா இருந்திருக்கா. அவளுக்குக் கல்யாணப் பேச்சு நடந்திருக்கணும்."

"என் மக ஸ்வப்னா," என்றார் நெல்லையப்பன். "ஆஸ்பத்திரிச் சீட்டில அவ பேரை எழுதினா மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சிரும். இவளுக்குக் கல்யாணம் இல்லன்னு முடிவாகியிருந்தது. அதான் இவ பேரைக் குடுத்தேன்."

"முடிவு பண்ணினது யாரு அண்ணே?" என்று கேட்டாள் உலகம்மை. குரல் உயரவில்லை. "தாளைப் பாத்ததுமே எனக்குப் புரிஞ்சுது. ஸ்வப்னா குடும்பம் நடத்துகா, அதனால சொல்லல. ஆனா பொய்ச் சத்தியம் பண்ண மாட்டேன். அவளுக்குப் போன் போடுங்க. அவகிட்டக் கேக்காம ஒண்ணும் வேண்டாம்."

நெல்லையப்பன் கொல்லத்தில் இருக்கும் மகளுக்குப் போன் செய்தார். அவர் பேசியது கொஞ்சம், கேட்டது அதிகம். ரிசீவரை வைத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தார்.

"மாப்பிள்ளைக்குத் தெரியுமாம். கல்யாணத்துக்கு முன்னமே ஸ்வப்னாவே சொல்லியிருக்கா. 'அத்தை பேரை அதிலேருந்து எடுத்திருங்கப்பா'ங்கா."

பத்மகுமார் மெதுவாகச் சொன்னார்: "அப்போ நுகர்வோர் கோர்ட்டுக்கு ஸ்வப்னா போகலாம், அவங்கதான் நோயாளி. இல்லாத நோய் அக்கா பேர்ல பரவினதுக்குச் சிவில் கேஸ். பொய்ப் பேர் குடுத்ததை ஆஸ்பத்திரி நமக்கு எதிரா எடுக்கும். அதைக் குடுத்தது யாருன்னு ஒருத்தர் எழுதித் தந்தாத்தான் அக்கா பேர் சுத்தமாகும்."

நெல்லையப்பன் உட்கார்ந்தார். "தாள் எடும்," என்றார்.

வழக்கு இரண்டும் நடக்கின்றன. அந்த வாக்குமூலத்தின் நகலைப் பார்த்த பிறகு மூன்று பிள்ளைகள் டியூஷனுக்குத் திரும்பி வந்திருக்கிறார்கள். எட்டுப் பேர் வரவில்லை.

வக்கீல் மிரட்டித்தான் நெல்லையப்ப பிள்ளையிடம் கையெழுத்து வாங்கினார் என்று ஆரியசாலையில் ஒரு பேச்சு உண்டு. அது பொய். அவரை யாரும் மிரட்டவில்லை. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அவரே எழுதினார். தங்கைக்கு உரக்க வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்திட்டார்.