கூரையில் ஒரு சுருட்டை முடி

"அய்யோ... என் நெக்லஸ்!"

மாடி அறையிலிருந்து வந்த அலறலில், ஹாலில் சாரத்தின் மேல் நின்று கூரை பூசிக்கொண்டிருந்த மேஸ்திரியம்மாவின் கரணை நழுவித் தரையில் விழுந்தது.

அலறியது வீட்டுக்காரம்மா. அலமாரி திறந்து கிடந்தது. வைர நெக்லஸ் இருந்த பெட்டி காலி.

அரை மணியில் இன்ஸ்பெக்டர் வந்தார். காலையிலிருந்து வீட்டில் நான்கே பேர். வீட்டுக்காரம்மா, அவர் மூத்த மகள், வீட்டோடு மாப்பிள்ளை... மூவரும் குடும்பம்.

நான்காவது ஆளைத் தேடி எல்லாக் கண்களும் சாரத்தின் மேல் ஏறின.

நெக்லஸ் சின்ன மகளுக்குத்தான் என்று வீட்டுக்காரம்மா அறிவித்தது நேற்றுத்தான், இதே ஹாலில். சாரத்தின் மேலிருந்த மேஸ்திரியம்மாவின் காதிலும் அது விழுந்திருந்தது. இன்ஸ்பெக்டருக்கு அது போதுமானதாக இருந்தது. அவளுடைய பையைக் கவிழ்த்தார்கள். சுண்ணாம்புத் தொட்டியைக் குச்சியால் கலக்கினார்கள். ஒன்றும் இல்லை.

"ஸ்டேஷனுக்கு வாம்மா. அங்க உக்காந்து பேசலாம்."

ஒருமுறை அந்த ஜீப்பில் ஏறினால், அதன் பிறகு எந்த வீட்டுக் கதவும் தனக்குத் திறக்காது. அது அவளுக்குத் தெரியும். சுடச்சுட ஏதாவது சொல்ல வேண்டும்.

வார்த்தை வரவில்லை.

எப்போதும் இப்படித்தான். அவளுக்குப் பதில் மூன்று நாள் கழித்து, வெங்காயம் நறுக்கும்போதுதான் வரும். உனக்கும் சுண்ணாம்புக்கும் ஒரே குணம், சீக்கிரம் இறுகவே மாட்டேங்கறீங்க என்று கணவர் சிரிப்பார்.

"பாவம் சார்," என்றான் மாப்பிள்ளை, சுருட்டை முடியைக் கோதியபடி. "என்ன கஷ்டமோ. கொடுத்துட்டா மன்னிச்சு விட்டுடலாம்."

இன்ஸ்பெக்டரின் அதட்டலைவிட அந்த இரக்கம்தான் அவளைக் குத்தியது.

நான்கு நாட்களாகக் காபியோடு வந்து சாரத்தடியில் நின்றவன் அவன்தான். இந்த நூறு வருட உட்கூரைக்கு ஏன் சிமென்ட் ஆகாது, மரச் சட்டங்களில் சுண்ணாம்பு எப்படிப் பிடிக்கும், அதில் என்ன கலப்பீர்கள்... கேட்டுக்கொண்டே இருந்தான். முடி கலக்காமல் பூசினால் மூன்றாம் நாள் உதிர்ந்துவிடும் என்று அவளும் சொல்லிக்கொண்டே இருந்தாள். இருபது வருடத்தில் அவள் வீட்டில் ஒருவர்கூட அவளிடம் இதைக் கேட்டதில்லை. கேட்க ஒரு காது கிடைத்ததில் அவள் கொஞ்சம் உருகித்தான் போயிருந்தாள்.

"சார், அஞ்சு நிமிஷம். தண்ணி தெளிச்சுட்டு வந்துடறேன். இல்லேன்னா சீலிங் வெடிச்சுடும்."

"நீயே வெடிச்சுப்போய் நிக்கற. உனக்கு சீலிங் கவலை!" என்றாலும் அவர் தடுக்கவில்லை.

அவள் ஏறினாள். தெளித்தாள். பழக்கதோஷத்தில், நேற்று மாலை பூசிய மூலையை உள்ளங்கையால் தடவினாள்.

ஈரம்... குளிர்ச்சி... ஈரம்...

கை நின்றது.

ஒரு கையகல இடம் மட்டும் எலும்பு மாதிரி இருந்தது. நகத்தால் அழுத்தினாள். பதியவில்லை.

"சார்... இது என் பூச்சு இல்ல."

"மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதம்மா."

"நேத்துப் பூசின சுண்ணாம்பு இன்னிக்கு நகம் பட்டா பதியணும். இது கை உடைஞ்சா மாவுக்கட்டு போடுவாங்களே, அந்த மாவு. அரை மணியில கல்லாயிடும். நான் வர்றதுக்கு முன்னாடி யாரோ அவசரத்துல பூசியிருக்காங்க."

கரணையின் பிடியால் ஒரு தட்டு.

பொத்தென்று விழுந்தது ஒரு கட்டி. அதற்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள்... பளீரென்று நெக்லஸ்!

வீட்டுக்காரம்மா பாய்ந்து எடுத்தார். மேஸ்திரியம்மா மூச்சு விட்டாள்.

இன்ஸ்பெக்டர் சிரித்தார்.

"உன் சாரம். உன் கூரை. ஒளிச்ச இடத்தையும் நீயே காட்டிட்ட. ரொம்ப தேங்க்ஸ். ஜீப்புல ஏறு."

அவள் சாரத்திலிருந்து இறங்கினாள். குனிந்து உடைந்த கட்டியைக் கையில் எடுத்தாள். பார்த்தாள். இன்னொரு முறை பார்த்தாள்.

"சார், நான் கலக்கறது ஆட்டு முடி. என் பையில இருக்கறது. குட்டை, பழுப்பு. இதுல இருக்கறதைப் பாருங்க."

கட்டியின் விளிம்பில் நீட்டிக்கொண்டிருந்தது முடி. கறுகறுவென்று. பளபளவென்று. சுருள் சுருளாக.

வீட்டுக்காரம்மாவின் தலை வெள்ளை. மகளுடையது நீளமான கோரைமுடி. மேஸ்திரியம்மாவுக்குப் பாதி நரை.

இப்போது எல்லாப் பார்வையும் ஒரே தலைக்குப் போனது.

மாப்பிள்ளை பதறவில்லை. "தினமும் இங்கதானே நின்னேன்? முடி கொட்டுறது சகஜம் சார். கலவையில விழுந்திருக்கும்."

"ஆமா, மாப்ள சொல்றது சரிதானே," என்றார் வீட்டுக்காரம்மா. அந்த வீட்டில் மாப்பிள்ளை கண்ணுக்கு வெண்ணெய், மகள் கண்ணுக்குச் சுண்ணாம்பு.

மேஸ்திரியம்மா ஒரு முடியை உருவினாள். இன்ஸ்பெக்டரிடம் தீப்பெட்டி கேட்டாள். உரசினாள்.

முடி கருகவில்லை.

உருகியது! சுருண்டு, நுனியில் கடுகளவு மணியாகத் திரண்டது. பிளாஸ்டிக் பை எரிந்த வாடை.

"கொட்டின முடி இப்படி உருகாது சார். இது கடையில வாங்கினது."

இன்ஸ்பெக்டர் மெதுவாக மாப்பிள்ளையின் தலைக்குக் கையைக் கொண்டுபோனார். தலைமுடி மொத்தமாக அவர் கையோடு வந்தது. பிடரிப் பக்கம் கத்தரியால் வெட்டிய ஓட்டை.

அதன் கீழே வழுக்கை பளபளத்தது... நெக்லஸுக்குப் போட்டியாக.

"கல்யாணமாகி ஏழு வருஷமாவா?" என்றாள் மகள். அவளுக்கு நெக்லஸ் மறந்தே போயிருந்தது.

மாப்பிள்ளை மேஸ்திரியம்மாவை முறைத்தான். "நீங்கதானே முடி கலக்கலேன்னா உதிர்ந்துடும்னு சொன்னீங்க?"

அவளுக்கு ஒரு கணம் வலித்தது. நான்கு நாளும் அவன் காது கொடுத்தது அவளுக்கு அல்ல, கூரைக்கு மட்டுமே.

"ஆட்டு முடின்னு சொல்ல வந்தேன் தம்பி. அதுக்குள்ள காபி டம்ளரை எடுத்துட்டுப் போயிட்டீங்க."

"மொட்டைத் தலை கிடைச்சாச்சு," என்று விலங்கை எடுத்தார் இன்ஸ்பெக்டர்.

வாழ்க்கையில் முதன்முறையாக, மூன்று நாள் காத்திருக்காமல், வெங்காயம் இல்லாமல், அவளுக்கு வார்த்தை வந்தது.

"எல்லாரும் மயிரிழையில தப்பிப்பாங்க, தம்பி. மயிரிழையில மாட்டினது நீங்க ஒருத்தர்தான். அதுவும் சொந்த முடிகூட இல்ல!"