இருமல் நின்ற தையல்காரர்

வந்த மருத்துவர் உட்காரக்கூட இல்லை. "எங்க சோதனையில யாரோ விளையாடியிருக்காங்க. இன்னிக்குள்ள ஆளைக் கண்டுபிடிக்கலேன்னா மேலிடம் சோதனையையே நிறுத்திடும்."

துப்பறிவாளர் அம்மாள் கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டார். அவருக்கு உதவியாக இருக்கும் தங்கை மகள் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

விஷயம் இதுதான். நுரையீரல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களை இருமல் விடாமல் வாட்டும். அதற்கு ஒரு மூலிகைக் கஷாயம் கேட்குமா என்று பார்க்கிறார்கள். பாதிப் பேருக்குக் கஷாயம். மற்றவர்களுக்கு அதே நிறத்தில், அதே கசப்பில், மருந்தில்லாத வெறும் தண்ணீர். யாருக்கு எது என்பது இந்த மருத்துவருக்கு மட்டும்தான் தெரியும். வெறும் தண்ணீர் குடித்த ஒரு தையல்காரருக்கு இருமல் நின்றுவிட்டது. சந்தேகப்பட்டு ரத்தத்தைச் சோதித்தால், அதில் மூலிகை.

"கஷாயம் காய்ச்சுற வைத்தியர் வேலைதான். யாருக்கு எதுன்னு தெரியாம எல்லாருக்கும் ரகசியமா கொடுத்திருப்பார். அவர் கஷாயம் ஜெயிக்கணுமே" என்றார் மருத்துவர்.

வார்டில் வைத்தியர் முகம் சுண்டி நின்றிருந்தார். "கஷாயம் கேட்டா நேர்மையா கேக்கட்டும். இல்லேன்னா விட்டுடறேன். எனக்கு எதுக்குங்க திருட்டுத்தனம்?"

தையல்காரரின் புட்டி பூட்டிய அலமாரியில் இருந்தது. சோதித்ததில், உள்ளே வெறும் தண்ணீர்தான்.

"ரெண்டுக்கும் ருசி ஒண்ணுதானா?" என்று அம்மாள் வைத்தியரைத் தனியே கேட்டார்.

"கஷாயம்னா கசப்பு அடங்கினதும் அடித்தொண்டையில காரம் ஏறும். அதை மட்டும் தண்ணியில கொண்டுவர முடியலை."

அம்மாள் நேரே தையல்காரரிடம் போனார். "மருந்து எப்படி இருக்கு?"

"முதல்ல கசப்பு, அப்புறம் சுள்ளுனு காரம்."

பக்கத்துக் கட்டிலில் பஸ் டிரைவர் நெஞ்சோடு தலையணையை அழுத்திக்கொண்டு இருமினார். "எனக்கு வெறும் கசப்புதாம்மா. முதல்ல இருமல் நல்லாக் குறைஞ்சுது, இப்ப திரும்பப் பிடிச்சுக்கிச்சு."

"இவருக்கு எது?" என்று அம்மாள் மருத்துவரின் காதில் கேட்டார்.

"கஷாயம்."

தங்கை மகள் அம்மாளின் கையை இறுகப் பிடித்தாள். "பெரியம்மா, தலைகீழா இருக்கே!"

"அதேதான். வைத்தியர் கள்ளத்தனம் பண்ணியிருந்தா, தன் மருந்தைக் குடிக்கிறவரை ஏன் இரும விடணும்? தண்ணி குடிக்கிறவருக்கு மருந்து கிடைச்சிருக்கு, மருந்து குடிக்கிறவருக்குத் தண்ணி. புட்டி மாறலை. அப்ப கோப்பைதான் மாறியிருக்கணும்." அவர் மருந்து கொடுக்கும் நர்ஸ் பக்கம் திரும்பினார். "குடிச்சு முடிக்கிற வரைக்கும் நிப்பீங்களா?"

நர்ஸ் தயங்கினாள். "கையில கொடுத்துட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிடுவேன்."

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கு ரெண்டே நாள்ல குறைஞ்சுது. இவரு இருமுறப்பல்லாம் தையல் பிரியுற மாதிரி துடிச்சாரு. பார்த்துக்கிட்டு சும்மா இருக்க முடியலைங்க. எல்லாருக்கும் கொடுக்குறது ஒரே மருந்துதான், என்னோடது கொஞ்சம் ராசியானதுன்னு பொய் சொல்லி மாத்திக்கிட்டேன். இவருக்கு ஒண்ணும் தெரியாது."

தையல்காரர் அவரையே பார்த்தார். "அடப்பாவி, அதனாலயா இப்படி இருமிக்கிட்டிருக்கே?"

வைத்தியரின் முகம் மலர்ந்தது. "பார்த்தீங்களா டாக்டர், என் மருந்து கேக்குது!"

"ரெண்டு பேரை வெச்சு எதுவும் சொல்ல முடியாதுங்க" என்ற மருத்துவரின் குரலிலும் துள்ளல் தெரிந்தது. "ஆனா சோதனை நிக்காது. உங்களைச் சந்தேகப்பட்டதுக்கு மன்னிச்சிடுங்க. இவங்க ரெண்டு பேரை மட்டும் கணக்குல சேர்க்க முடியாது."

"சேர்க்கலேன்னா மருந்து கிடையாதா?" டிரைவர் பதறினார்.

"சோதனைக்கு வெளியே, நீங்களே கேட்டா கொடுக்கத் தடையில்லை."

டிரைவர் நர்ஸைப் பார்த்தார். "அப்ப ரெண்டு கோப்பையிலயும் காரமானதா ஊத்தும்மா."