குணசீலனின் பங்கு

பழைய பெட்டியைக் கழற்றினால் அவர் எங்கே போவார்?

தேவசேனா இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. கூடத்துச் சுவரில் இருந்த முன்கொணரி என்ற அந்தப் பெட்டியை, அதை மாற்ற வந்த ரெஜினா சோதிப்பதைப் பார்த்தபடி நின்றாள்.

அந்தக் காலத்து வைஃபை பெட்டிகள் கேட்டதை மட்டும் கொடுத்தன. முன்கொணரி கேட்பதற்கு முன்பே கொண்டுவந்து வைத்துவிடும். வீட்டில் இருப்பவர்களின் நடையையும் இருப்பையும் அலைகளால் தடவி ஆளை அறியும். அந்த ஆள் அடுத்து விரும்பப்போகும் பாட்டும் படமும் செய்தியும் தயாராக இருக்கும்.

"காலைல நெட் மறுபடி நின்னுபோச்சு," என்றாள் மகள் இதழினி. வீட்டிலிருந்தே வெளிநாட்டு நீதிமன்றங்களுக்கு மொழிபெயர்ப்பவள். "இன்னொரு சாட்சி பாதில விட்டுப்போச்சுன்னா என்னைத் தூக்கிருவாங்க."

"ஸ்பீடு நல்லாத்தானுங்க வருது," என்றாள் ரெஜினா. "ஐயாதான் முக்காவாசி எடுத்துக்கறாரு. வழக்கம் துளியும் மாறாதவங்களுக்குத்தான் இது மொதல்ல கொண்டாரும்."

"எந்த ஐயா? அப்பா தவறி மூணு வருஷமாச்சு."

"அதெப்படிங்க? இப்பத்தான் அவருக்கு மூட்டுவலி வைத்தியம் தேடி வச்சிருக்குது."

தேவசேனாவின் கணவர் குணசீலனுக்கு மூட்டுவலி வந்ததே இல்லை. முழங்கால் வலிப்பது அவளுக்குத்தான்.

இதழினி அம்மாவின் கால்களைப் பார்த்தாள். அப்பாவின் செருப்பு. அப்பா எழும் நேரத்தில் எழுந்து, அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து, அப்பாவின் நாதஸ்வரத்தைக் கேட்கிற அம்மா.

"அதுல என் பேரு இருக்குதா?" என்று கேட்டாள் தேவசேனா.

ரெஜினா தயங்கினாள். "இல்லீங்க. நடமாட்டம் இல்லைன்னு அதுவா எடுத்துருச்சு."

தேவசேனாவுக்கு அது பொய்யென்று தோன்றவில்லை.

"புதுப் பெட்டியில உங்களையே சேர்த்துக்கலாங்க. ஆனா இதைக் கழட்டறதுக்கு முன்னாடி ஐயாவை எடுக்கணும்; ஒரு ஆளை எடுக்கணும்னா அந்த ஆளே சொல்லணும். இதுக்கு இப்ப நீங்கதான் ஐயா. 'நான் போறேன்'னு ஒருக்கா சொல்லுங்க, போதும்."

கடைத்தெருவுக்குக் கிளம்பும்போதுகூட அந்த வீட்டில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடி குணசீலன் சொன்னதும் "வந்துர்றேன்" என்றுதான்.

"சொல்லும்மா," என்றாள் இதழினி. "வேலைக்காக மட்டும் கேக்கல. எனக்கு நீ வேணும்."

முன்கொணரியின் விளக்கு பச்சையாகி, பதிலுக்குக் காத்திருந்தது.

தேவசேனா மகளின் கன்னத்தை மெல்லத் தொட்டாள்.

"அதை மட்டும் என்னால சொல்ல முடியாது, கண்ணு."