கிட்டங்கிக்குள் ஓடிய ஊமைப்படம்

ஊமைப்படத்தில் கதவு தட்டும் சத்தம் கேட்டதும், காதர் மைதீன் முதலில் புரொஜெக்டரைத்தான் சந்தேகப்பட்டார்.

கீழக்கரையில் சங்கு மூட்டைகள் அடுக்கிய அவருடைய கிட்டங்கிக்கு ஜன்னல் கிடையாது, வாசலும் ஒன்றுதான். வெளிச்சம் கசியக்கூடாது என்று அந்தக் கதவின் மேலேயே வெள்ளை வேட்டியைக் கட்டித் திரையாக்கியிருந்தார். வெள்ளிக்கிழமை மதியம். "தலைவலி மச்சான், நீங்க ஜும்ஆவுக்குப் போங்க" என்று மைத்துனர் ஹமீது சுல்தானிடம் புளுகிவிட்டு வந்தவர். தொழுகைக்குப் போகிற வழியில் ஹமீது வழக்கம்போலக் கிட்டங்கியை வெளியே பூட்டியபோதும் உள்ளேயிருந்த இவர் மூச்சு விடவில்லை. பாங்கு சொன்ன பிறகு படம் பார்த்த மனுசன் என்று ஊர் பேசுவதைவிட, பூட்டிக் கிடப்பது மேல்.

சங்கின் உப்புக் கவிச்சி, சூடேறிய பல்பின் கருகல், சுருள் ஓடும் கறகறப்பு. இத்தனைக்கும் நடுவே, நூறு வருஷத்துக்கு முந்திய ஹாலிவுட்டின் தட்டைத் தொப்பி போட்ட ஒல்லிக் கோமாளி ஒருவன், பூட்டிய அறைக்குள் நின்று கதவை இடித்துக்கொண்டிருந்தான். அந்தக் காலத்து நடிகர்கள் மேல் இவருக்கு மௌத்துவரை தீராத ஆசை. விழுந்தால் எலும்பு வரைக்கும் விழுவார்கள். முகத்தில் மட்டும் ஒன்றும் நடந்திருக்காது.

மூன்றாவது இடியில் கதவு பெயர்ந்து கோமாளியின் தலையில் விழும். இவர் முன்கூட்டியே சிரித்துவைத்தார்.

கதவு விழவில்லை.

அவன் இடித்துக்கொண்டே இருந்தான். சத்தம் வேட்டிக்குப் பின்னாலிருந்து வந்தது. ஹமீதோ? இவர் இருமலைக்கூட விழுங்கினார்.

கோமாளி நின்றான். திரும்பினான். கண்ணைச் சுருக்கி, இருட்டுக்குள் இவரைத் தேடினான்.

சுவிட்சை அணைத்தார். சுருள் நின்றது. வெளிச்சம் நிற்கவில்லை.

வேட்டி புடைத்தது.

வேறு வழியில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஓடி, வேட்டியோடு சேர்த்துக் கதவை இடித்தார். "யா அல்லாஹ்! மச்சான்! திறங்க!"

வாய் அசைந்தது. சத்தம் இல்லை. தொண்டை கிழியக் கத்தினார். இல்லை. கையைப் பார்த்தார். சாம்பல் நிறம்.

எதிரே யாரோ சிரித்தார்கள். அவருடைய நாற்காலியில். கால்மேல் கால் போட்டு. மடியில் அந்தத் தட்டைத் தொப்பி.

சாவி திரும்பியது.

"உள்ள யாரு சிரிக்கிறது? மச்சானா? தலைவலின்னு சொன்னீக?"

"சிரிச்சதுல போயிருச்சு மச்சான்," என்றது காதர் மைதீனின் குரல், நாற்காலியிலிருந்து. "படம் முடிஞ்சிருச்சு. அந்த வேட்டிய அவுத்துருங்க."

ஹமீது வேட்டியை அவிழ்த்தார், உதறினார், நிதானமாக மடிக்கத் தொடங்கினார். முதல் மடிப்பு, வேட்டிக்குள் இருந்த காதர் மைதீனின் முழங்காலில் விழுந்தது.