பாதி கடைந்த இரும்பு

விளக்குமாற்று நுனியில் சிக்கி வந்த இரும்புச் சுருளைக் குனிந்து எடுத்தவள், விரலை உதறிக்கொண்டாள். சுருள் சுட்டது.

மாமனார் போய் மாதக்கணக்காகிறது. வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் அவருடைய பழங்காலத்துக் கடைசல் மெஷின் மட்டும் கருங்கல் மாதிரி கிடந்தது. மோட்டார் புகைந்துபோனதால் அதைக் கழற்றிப் போட்டாயிற்று. பெல்ட் செத்த பாம்பாகத் தொங்கியது. ஓட வழியே இல்லாத மெஷினுக்கு அடியில், அப்போதுதான் சீவி விழுந்ததுபோல், நீலம் பாய்ந்த சுருள் ஒன்று காய்ந்த எண்ணெய் வாசனைக்கு நடுவே புது எண்ணெய் வாசனையோடு கிடந்தால், காலை நேரமானாலும் ஒரு தரம் திரும்பிப் பார்க்கத்தானே தோன்றும்?

"ஏங்க, கொட்டகைக்குள்ள யாராவது வந்தாங்களா?"

"எலி வந்திருக்கும்" என்றான் கணவன், செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல்.

"எலி இரும்பு சீவுமா?"

"உன் பிறந்த வீட்டுலேர்ந்து வந்த எலியா இருக்கும். அங்கதான் எல்லாருக்கும் பல்லு அப்படி."

அவள் சிரித்துக்கொண்டே தலையில் குட்ட வந்தாள், அவன் தடுத்தான், அந்தக் கையைப் பிடித்தாள். சிரிப்பு நின்றது.

கல்யாணமான நாளிலிருந்து அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறவள் அவள். எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் அவளுடைய கட்டைவிரலும் நடுவிரலும் அந்தத் தடித்த மணிக்கட்டைச் சுற்றித் தொட்டுக்கொண்டதே இல்லை. இன்று தொட்டன.

அன்றிலிருந்து தினமும் சுருள் விழுந்தது. தினமும் அவன் இளைத்தான். டாக்டர் ரத்தத்தில் ஒரு குறையும் இல்லை என்றார். நாத்தனார் போனில், "என் தம்பியை இப்படிக் குச்சியாக்கி வெச்சிருக்கியே, வீட்டுல அடுப்பு எரியுதா இல்லையா?" என்று கேட்டாள். அவனோ பசி பசியென்று வாங்கி வாங்கிச் சாப்பிட்டான். அவன் மணிக்கட்டைச் சுற்றிய அவள் விரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறத் தொடங்கின.

மெஷினில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் மூன்று தாடைகளுக்கு நடுவே, மாமனார் கடைசி நாளில் பாதி கடைந்து விட்டுப்போன இரும்புத் துண்டு இருந்தது. அதை யாரும் தொடக் கூடாது என்பது கணவனின் கட்டளை. "பாதி வேலையைக் கழட்டினா மையம் போயிடும், மறுபடி அதே இடத்துல நிக்காதுன்னு அப்பா சொல்வாரு." முழங்கை நீளத் துண்டு. மேலே ஓர் உருண்டை, கீழே சின்னக் குறுகல், அதன்கீழ் அகன்று இறங்கிய தோள். முன்பு மொத்தமாக இருந்த அந்தத் தோள் பளபளவென்று மெலிந்துகொண்டே வந்ததை அவள் ஒருத்திதான் பார்த்தாள்.

ஒரு மத்தியானம் பொறுக்க முடியாமல் தாடைகளை இறுக்கும் சாவியைப் போட்டு அவற்றைக் கொஞ்சம் தளர்த்தினாள்.

வீட்டுக்குள்ளே தட்டு விழுந்து உருண்டது.

ஓடினாள். அவன் தரையில் கிடந்தான். வாய் திறந்திருந்தது, மூச்சு வரவில்லை. கண்கள் மேலே செருகியிருந்தன. அவள் எப்படிக் கொட்டகைக்குத் திரும்பினாள், எப்படிச் சாவியை மறுபடி இறுக்கினாள் என்று அவளுக்கே தெரியாது. இறுகியதும் உள்ளே அவன் இருமுகிற சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு அவளுக்கு யாரும் எதையும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்தத் துண்டைக் கழற்ற முடியாது. மெஷினோடு அதை எங்காவது தொலைவுக்கு அனுப்பிவிட்டால்? கண்ணில் பட்டவர்களையெல்லாம் கெஞ்சினாள். "சும்மாவே தர்றேன், தூக்கிட்டுப் போங்க." தொழிற்பள்ளியில் இவ்வளவு பழையது வேண்டாம் என்றார்கள். பழைய இரும்புக்காரர் சம்மட்டியோடு வந்து, "உடைச்சாத்தாம்மா எடுக்க முடியும்" என்றதும், கொட்டகைக் கதவுக்குக் குறுக்கே இரண்டு கையையும் விரித்து நின்றாள். அவர் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

கடைசியில் ஒரு பட்டறைக்காரர் வந்தார். பழைய மெஷின்களைச் சேர்த்து ஓட வைப்பதில் பித்து பிடித்தவர். கைக்குழந்தையைத் தொடுகிறவர் மாதிரி அதைத் தடவிப் பார்த்தார்.

"என்ன வேலைப்பாடும்மா! இனிமே இப்படி ஒண்ணு பிறந்துதான் வரணும்."

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு. அந்தத் துண்டை மட்டும் கழட்டவே கூடாது. அதைத் தொடவே வேணாம்."

"மாமனார் ஞாபகமா?" அவர் முகம் கனிந்தது. "கழட்ட மாட்டேன். தங்கச்சி சொன்னா எனக்கு வேதம்."

லாரி தெருமுனை திரும்பும்வரை கணவன் வாசலில் நின்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நல்ல இடமாப் பார்த்துக் குடுத்துட்டே" என்றான்.

கொட்டகைத் தரை சுத்தமாக இருந்தது. மறுநாளும். அதற்கடுத்த நாளும். அவன் கன்னத்தில் லேசாகச் சதை வைத்தது. இரவில் அவன் மணிக்கட்டைப் பிடித்த அவள் விரல்கள் மறுபடி ஒன்றையொன்று தொடாமல் விலகியபோது, போர்வைக்குள் சத்தமில்லாமல் அழுதாள்.

மழை மூட்டமான ஒரு மாலையில் போன் வந்தது.

"தங்கச்சி! புது மோட்டார் மாட்டியாச்சு. சத்தம் கேக்குதா? வீணை மாதிரி!"

கேட்டது. சீரான உறுமல். அதன்மேல் இரும்பைச் சீவுகிற கீச்சு.

"அண்ணே, என்ன கடையறீங்க?"

"அதான் உங்களுக்கு ஒரு ஆச்சரியம். பெரியவர் கடைசி வேலை பாதியில நிக்கலாமா? உங்க வீட்டு அலமாரியில வெக்கிற மாதிரி நானே முடிச்சுக் குடுத்துடறேன். பயப்படாதீங்க, தாடையிலேர்ந்து கழட்டவே இல்லை. நீங்க சொன்னபடிதான்."

"நிறுத்துங்க! அண்ணே, நிறுத்துங்க!"

"என்னம்மா? இந்தச் சத்தத்துல ஒண்ணும் கேக்கலை. இதோ, குறுகலா இருக்கிற இடத்துல வெட்டி எடுத்துட்டா வேலை முடிஞ்சுது."

கீச்சு உயர்ந்தது.

அறையில் சூடான எண்ணெய் வாசனை.

கணவன் ஜன்னலோரம் நாற்காலியில், அவளுக்கு முதுகு காட்டி, மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கை மெல்லப் பின்கழுத்துக்குப் போனது.

"இங்க வந்து பாரேன். கழுத்துல என்னவோ கூசுது."

ஒரு கோடு. முடிக்குக் கீழே. சுற்றிலும். ரத்தம் இல்லை. புதிதாக வெட்டின இரும்பின் பளபளப்பு மட்டும். நாற்காலிக்கடியில் ஏதோ விழுந்து சுருண்டது. இன்னொன்று விழுந்தது.

போனில் சத்தம் சட்டென்று அடங்கியது. "ஆச்சு தங்கச்சி" என்றது குரல்.

அவள் அவன் பெயரைச் சொல்லி அலறினாள்.

"என்னடி?" என்று அவன் திரும்பினான். தோள்கள் திரும்பின. மார்பு திரும்பியது. அவள் போன வாரம் தைத்துக் கொடுத்த சட்டைப் பொத்தான்கள் அவளுக்கு நேராக வந்து நின்றன.

முகம் ஜன்னல் பக்கமே இருந்தது. இன்னும் மழையைப் பார்த்துக்கொண்டு.