ஒரிஜினல் சிலிண்டர்

துடைத்து வைத்த எஞ்சின் சிலிண்டருக்குள் மறுபடியும் ஆவி படிந்திருந்தது.

இஸ்ரவேல் அதைக் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தான். மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, பழைய வேட்டித் துணியால் மூன்று தடவை துடைத்தாயிற்று. முகம் பார்க்கிற கண்ணாடியில் வாய் வைத்து ஊதினால் படியுமே, அந்த மாதிரி மெல்லிய வெண்மை உட்சுவர் முழுக்கப் பரவியிருந்தது. புரட்டாசி மழை விட்டும் விடாமலும் இருக்கிற நேரம், இரும்பு வியர்ப்பது ஒன்றும் உலக அதிசயமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பக்கத்தில் கிடந்த சுத்தியலும் ஸ்பேனரும் ஏன் வியர்க்கவில்லை என்று மட்டும் அவன் கேட்டுக்கொள்ளவில்லை. சில கேள்விகளைத் தனியாக இருக்கும்போது கேட்காமலிருப்பதே நல்லது.

தனியாகத்தான் இருந்தான். விஜயதசமி மத்தியானம், தசரா யானை ஊர்வலமான ஜம்பு சவாரி பார்க்க மைசூரே திரண்டு அரண்மனைப் பக்கம் போய்விட்டது. அக்ரஹாரத்துக்குப் பின்னாலிருந்த மரக்கிடங்குச் சந்தில் ஒரு நாய்கூட இல்லை. ஷெட்டுக்குள் ஈட்டிமரத் தூளின் காரமும் கிரீஸ் வாசனையும், முந்தின நாள் ஆயுத பூஜைக்கு லேத்துக்குப் போட்ட சாமந்தி மாலை வாடுகிற வாசனையும் கலந்து நின்றன. நேற்றும் இன்றும் வேறு யாரும் கருவிகளைத் தொடமாட்டார்கள். இஸ்ரவேலுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லாததால், முதலாளி நஞ்சுண்டசாமி சாவியை அவனிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். நாளைக் காலை லாரி காட்டுக்குக் கிளம்பியாக வேண்டும்.

சுதந்திரம் வந்து ஏழு வருஷம் ஆகிறது. கிடங்கில் இரண்டு ஜெர்மன் மோட்டார் ரம்பங்கள் இருந்தன. அதில் ஒன்றை ஓட்டுகிறவன் இஸ்ரவேலின் தம்பி பெர்னார்ட். அந்த ரம்பத்தின் பிஸ்டனும் சிலிண்டரும் தேய்ந்து போயிருந்தன. பம்பாய் ஏஜெண்டுக்கு எழுதினால் கப்பலில் வந்து சேர நாலு மாதம். நஞ்சன்கூட்டில் ஒரு பட்டறைக்காரர் அதே அளவுக்கு வார்த்துக் கடைந்து கொடுத்த ஜோடி ஒன்று, சுற்றிய காகிதம் பிரிக்காமல் மேஜையில் இருந்தது. போன வருஷம் அப்படியொரு டூப்ளிகேட்டைத்தான் இஸ்ரவேல் போட்டான். அது நடுமரத்தில் சூடேறிச் சிக்கி, ரம்பம் துள்ளி, கிடங்கு ஆள் கெம்பையனின் இரண்டு விரல்களைக் கொண்டுபோயிற்று. இப்போதும் கெம்பையன் வழியில் பார்த்தால் அந்தக் கையாலேயே கும்பிடுகிறான். தம்பி கையில் கொடுக்கிற எஞ்சினில் இனி டூப்ளிகேட் இல்லை என்று இஸ்ரவேல் அன்றைக்கே தீர்மானித்துவிட்டான்.

மிச்சமிருந்தது மற்ற ரம்பம். கோபிநத்தம் காட்டில் மூன்று மாதத்துக்கு முன் தொட்டையன் என்கிறவன் அதை ஓட்டிக்கொண்டிருந்தபோது மரம் தவறி அவன்மேல் சாய்ந்தது. ரம்பத்துக்கு ஒரு கீறல் இல்லை. அது அவன் மார்மேல் கிடந்து, தொட்டியில் பெட்ரோல் தீருகிற வரை ஓடிக்கொண்டே இருந்ததாம். லாரியில் அது திரும்பி வந்தபோது கூடவே அவன் பெண்சாதி மல்லம்மாவும் வந்தாள்.

"எஞ்சினு காத்து இழுக்கிற ஓட்டை அந்தாளு வாய்மேலயே இருந்துதுங்க. கடேசி மூச்ச அதுதானுங்க குடிச்சுது. இத யாருக்கும் பூட்டாதீங்க, ஆத்துல போட்டுருங்க."

இஸ்ரவேல் தலையாட்டினான். தலையாட்டுவதற்கு என்ன செலவு? அவள் போன பிறகு ரம்பத்தைச் சாக்கில் சுற்றி மூலையில் வைத்தான். இன்று காலை சாக்கைப் பிரித்து எஞ்சினைக் கழற்றியபோது உள்ளே பிஸ்டனும் சிலிண்டரும் ஜெர்மனி முத்திரையோடு புத்தம்புதிதாக மின்னின. ஒரிஜினல் என்றால் ஒரிஜினல்தான்.

இன்னொரு முறை துடைத்து, தம்பியின் ரம்பத்தில் பூட்டினான். ஒவ்வொரு போல்ட்டாக முறுக்கும்போது வெற்றிலையும் புகையிலையும் மென்ற வாய் வாசனை லேசாக வந்துபோயிற்று. இஸ்ரவேல் வெற்றிலை போடுகிறவன் அல்ல. முதலாளி நேற்று போட்டுத் துப்பியிருப்பார் என்று வைத்துக்கொண்டான்.

கடைசியில் விரல் சோதனை. பிளக் போடுகிற ஓட்டையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு கயிற்றை இழுத்தால், உள்ளே அமுங்கிய காற்று விரலைத் தள்ள வேண்டும். தள்ளுகிற வேகத்திலேயே எஞ்சினின் நிலை தெரிந்துவிடும். இழுத்தான். நன்றாகத் தள்ளியது. திருப்தியாகக் கயிற்றை விட்டான்.

விரல் இன்னும் ஓட்டைமேல்தான் இருந்தது. அது மெதுவாக விரலை உள்ளே இழுத்தது.

பிறகு தள்ளியது. வெதுவெதுப்பாக. மறுபடி இழுத்தது. கயிறு தொங்கிக்கொண்டிருந்தது, எஞ்சின் சக்கரம் அசையவில்லை. இழுத்தது. தள்ளியது. தூங்குகிறவனின் மூக்கருகே விரல் வைத்தது போல.

இஸ்ரவேல் கையைப் பிடுங்கிக்கொண்டான். இவ்வளவு பயம் அவனுக்கு விவரம் தெரிந்த பிறகு வந்ததே இல்லை. கழற்றிவிட வேண்டும். அரை மணி வேலை. டூப்ளிகேட் காகிதத்தைப் பிரித்தான். கெம்பையனின் கை ஞாபகம் வந்தது. மூடினான். மறுபடி பிரித்தான். அவன் பிரித்து மூடிக்கொண்டிருந்தபோதே வாசலில் சைக்கிள் மணி கேட்டது.

"அண்ணா, வேலை ஆய்த்தா?"

பெர்னார்ட். சட்டைப் பையில் ஊர்வலத்தில் வாங்கிய கடலைப் பொட்டலம்.

"யானை நம்ம பக்கம் வரதுக்குள்ள கூட்டம் தாங்கல. வந்துட்டேன். எத போட்டே? நஞ்சன்கூடு சாமானா?"

இஸ்ரவேல் டூப்ளிகேட் காகிதத்தை மூடினான். சொல்லிவிடலாம். தம்பி சிரிப்பான், முதலாளியிடம் சொல்லிச் சிரிப்பான், கடைசியில் டூப்ளிகேட்டைப் போட்டு நாளைக்குக் காட்டுக்குப் போவான்.

"ஒரிஜினல்தான்" என்றான்.

"அப்புறம் என்ன பயம்!" பெர்னார்ட் பிளக்கை எடுத்து அவனே திருகி, ஒயரையும் மாட்டினான்.

"இருடா, தொடாதே. பெட்ரோலே இன்னும் ஊத்தல."

"சும்மா இழுத்துப் பாக்கறேன்." இடது கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கயிற்றை இழுத்தான்.

முதல் இழுப்பிலேயே எஞ்சின் கிளம்பியது.

பெட்ரோல் டின் மூலையில் மூடி திறக்காமல் இருந்தது. தொட்டி காலி. எஞ்சின் ஓடியது. புகை இல்லை. வெற்றிலை வாசனை ஷெட் முழுக்க அடித்தது. இஸ்ரவேல் பாய்ந்து பிளக் ஒயரைப் பிடுங்கினான். ஒயர் கையோடு வந்தது. எஞ்சின் ஓடியது.

"கைய விடுடா!"

பெர்னார்ட் விடவில்லை. விட முடியவில்லை. அவன் கண்கள் அண்ணனைப் பார்த்தன. எஞ்சினின் வேகம் குறைந்துகொண்டே வந்தது. தடதடப்பு தனித்தனி இழுப்பாகப் பிரிந்தது. ஒரு இழுப்பு. ஒரு விடுப்பு. அதே கணக்கில் பெர்னார்டின் மார்பு ஏறி இறங்கியது.

எந்த எஞ்சினும் காற்று இல்லாவிட்டால் நிற்கும். அதுதான் மெக்கானிக்கின் கடைசி வழி. இஸ்ரவேல் காற்று இழுக்கிற வாயை உள்ளங்கையால் இறுக மூடினான். எஞ்சின் திணறியது. பெர்னார்டின் கழுத்து நரம்பு புடைத்தது. வாய் பிளந்தது. உதடு நீலமானது. மூச்சு இல்லை.

கையை எடுத்தான்.

எஞ்சின் இழுத்தது. பெர்னார்டின் மார்பு ஏறியது.

தூரத்தில் பாண்டு வாத்தியம் கேட்டது. யாரையாவது கூப்பிடலாம். கூப்பிட்டு என்ன சொல்வது? அதற்குள் இஸ்ரவேலுக்கு வேறொன்று உறைத்தது, மெக்கானிக்காக அவன் அறிந்திருந்த தொழில் விஷயம். இந்த எஞ்சினுக்கு எண்ணெய் பெட்ரோலில் கலந்துதான் போக வேண்டும். பெட்ரோல் இல்லை. உள்ளே பிஸ்டன் வறண்டு உரசிக்கொண்டிருக்கிறது. சிலிண்டரைத் தொட்டான். சுட்டது. தம்பியின் நெற்றியைத் தொட்டான். அதே சூடு. பத்து நிமிஷம். பிறகு பிஸ்டன் சிக்கும். நின்றுவிடும்.

எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு மண்டியிட்டான். எஞ்சினின் வாயில் ஒரு சொட்டு விட்டான். அது இழுத்துக்கொண்டது. இன்னொரு சொட்டு. "ஆண்டவரே, ஆண்டவரே" என்று உதடு சொல்லிக்கொண்டிருந்தது. கை நடுங்காமல் சொட்டு விட்டது. குப்பியில் கால்வாசிகூட இல்லை. இழுத்தது. விட்டது. சொட்டு. இழுத்தது. விட்டது. சொட்டு.

நிமிர்ந்து தம்பியின் முகத்தைப் பார்த்தான். பெர்னார்டின் வாயோரத்திலிருந்து கறுப்பாக எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது.