முதல் தாளில் ஒரு புழுத்துளை

மிண்டல்ஹைம் மாதா கோவில் நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் வால்புர்கா, தொப்பியைக்கூடக் கழற்றாமல் துப்பறிவாளர் ஹாஸ்லின் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். அச்சு பிறந்த புதிதில் அடித்த பைபிள் ஒன்று அந்த நூலகத்தின் உயிர். அதைப் பார்க்க ரோமிலிருந்துகூட அறிஞர்கள் வருவார்கள். அதன் முதல் தாள் போலி என்று மியூனிக்கிலிருந்து வந்திருக்கும் டாக்டர் ராட்டர் நேற்று சொல்லிவிட்டார்.

"சாவி என்கிட்ட இருந்ததால நான்தான் வித்துட்டேங்கறாரு. பாதிரியாரும் சாவியை வாங்கிட்டு, இன்னிக்கே வெளிய போகச் சொல்லிட்டாரு."

"வேற யார் தொட்டாங்க?"

"பைண்டர் லோரன்ஸ் போன மாசம் வீட்டுக்குக் கொண்டுபோய் அட்டையைச் சரி பண்ணாரு. டாக்டர் முந்தாநாள்லேர்ந்து என் முன்னாடிதான் படிக்கிறாரு, நான் மதிய மணி அடிக்கப் போற நேரம் தவிர. இதுக்கு முன்னாடி அவர் இங்க வந்ததே இல்ல. முதல் தாளோட போட்டோ மட்டும் கேட்டு எழுதியிருந்தாரு. அடுத்த பக்கத்து எழுத்து தெரியாம இருக்க, அடியில கருப்புக் காகிதம் வெச்சு எடுத்து அனுப்பினேன்."

"லோரன்ஸ்தான்!" என்று துள்ளினார் செவேரின். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றபின் ஹாஸ்லுக்கு உதவியாளராகத் தன்னைத்தானே நியமித்துக்கொண்டவர் அவர். "புது சைக்கிள் வாங்கியிருக்கான் ஐயா!"

"நீயும்தான் புதுத் தொப்பி வாங்கியிருக்கே. கிளம்பு."

வால்புர்காவையும் கூட்டிக்கொண்டு அவர்கள் போனபோது, நூலகத்தில் பாதிரியாரும் லோரன்ஸும் முறைத்துக்கொண்டு நின்றார்கள். ராட்டர் மட்டும் தன் பெரிய வரைபட உறைமேல் முழங்கையை ஊன்றி, வெகு சாவகாசமாக இருந்தார்.

"கெட்டிக்கார வேலை," என்றார். "புழு அரிச்ச துளைகூட அதே இடத்துல இருக்கு. அசல் கையில இல்லாம இதைச் செய்ய முடியுமா?"

ஹாஸ்ல் புத்தகத்தை ஜன்னலோரம் நிறுத்தி, இரண்டாம் தாளை வெயிலுக்கு நேராகப் பிடித்தார். துளை வழியே ஓர் ஒளிப்பொட்டு வால்புர்காவின் ஏப்ரனில் விழுந்தது. மூன்றாம் தாளிலும் அப்படியே. முதல் தாளைப் பிடித்தார். ஒன்றும் விழவில்லை.

"இது துளை இல்ல, மை," என்றார். "லோரன்ஸோ இந்தம்மாவோ செஞ்சிருந்தா அசலைப் பக்கத்துல வெச்சு ஊசியால குத்தியிருப்பாங்க. படத்தை மட்டும் பாத்தவனுக்குத்தான் துளை கருப்புப் புள்ளியாத் தெரியும். அந்தப் படம் உங்ககிட்டதானே இருக்கு, டாக்டர்? போலியைத் தயாராக் கொண்டுவந்தீங்க. மணி அடிக்கிற நேரத்துல மாத்திட்டீங்க. பின்னாடி யாராவது கண்டுபிடிச்சா கடைசியா படிச்ச உங்க மேலதான் சந்தேகம் வரும். அதனால நீங்களே கூவி, பழியை இவங்க தலையில கட்டினீங்க."

ராட்டர் சிரித்தார். "என் பெட்டி, கோட்டு எல்லாத்தையும் தேடிப் பாருங்களேன்."

"தேட வேண்டாம். இவ்வளவு பழைய தாளை மடிக்க உங்களுக்கு மனசு வராது. மடிக்காம வெக்கிற அளவுக்குப் பெரிசா இந்த அறையில ஒண்ணுதான் இருக்கு. கொஞ்சம் கையை எடுங்க."

ராட்டர் கையை எடுக்கவில்லை. செவேரின்தான் எடுத்தார், கொஞ்சம் வலிக்கும்படியாகவே. உறைக்குள் இரண்டு வரைபடங்களுக்கு நடுவில் தாள் பத்திரமாக இருந்தது.

வால்புர்கா அதை இரு கைகளாலும் வாங்கி ஜன்னலுக்கு நேராகப் பிடித்தாள். ஒளிப்பொட்டு டாக்டரின் கோட்டில் போய் விழுந்தது. பாதிரியார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சாவியை நீட்டினார்.

"ஆணியில மாட்டுங்க, ஃபாதர்," என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல். "என் கை காலியா இல்ல."